அசல்: ஒரு பழைய துப்பாக்கியை முன்வைத்து

பழம்பொருள் விற்கிறவர் 'இது அசல் சார்' என்கிறார். வாங்குகிறவரும் தலையாட்டுகிறார். இருவரும் ஒரே பொருளில்தான் அந்தச் சொல்லைப் பிடித்திருக்கிறார்களா என்பது சந்தேகம். அதைப் பிரித்துச் சொல்ல ஒரு தமிழ்ச்சொல்லைத் தேடினேன்.

அசல் அரபுச் சொல். அங்கே 'அஸ்ல்' என்றால் வேர், அடி. பாரசீகம், உருது வழியாக நம் பத்திரங்களுக்குள் நுழைந்தது. அதனால் நகல் அல்லாததும் அசல், வட்டி சேராத பணமும் அசல். நகலும் அரபுதான். போலி மட்டும் நம்முடையது: 'போல' இருப்பது போலி. (தமிழில் வேறோர் அசலும் உண்டு. அசலூர், அசல் வீடு என்கிறோமே, அது அயல். முயல் முசல் ஆனது போல அயல் அசல் ஆனது. ஒரே ஒலி, ஒன்று வேர், மற்றது வெளியூர்!)

சரி, துப்பாக்கிக்கு வருவோம். மார்ட்டினி-ஹென்றி 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. லீவரைக் கீழே தள்ளினால் உள்ளிருக்கும் இரும்புக் கட்டையின் முன்பக்கம் தாழ்ந்து குழலின் பின்வாய் திறக்கும். ஒரு தோட்டாவைப் போட்டு லீவரை மூட வேண்டும். இந்த அமைப்பு சுவிட்சர்லாந்தில் தொழில் செய்த மார்ட்டினியுடையது; அதுவும் பீபாடி என்ற அமெரிக்கரின் அமைப்பைத் திருத்தியது. குழலுக்குள் ஓடும் ஏழு புரிகள் (குண்டைச் சுழலவைக்கும் பள்ளங்கள்) எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி தந்தவை. பிறக்கும்போதே கலப்பு.

இதில் 'அசலா?' என்று கேட்டால், முதலில் வருவது போலிப் பேச்சு. பெஷாவர் பக்கத்து தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் இதைக் கையாலேயே செய்தார்கள். சுடும், ஆனால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் அரசுத் தொழிற்சாலையில் செய்த உண்மையான துப்பாக்கியின் வலப்பக்க இரும்பில் கிரீடம், விக்டோரியா அரசியின் 'வி.ஆர்.' முத்திரை, என்ஃபீல்டு என்ற பெயர், ஆண்டு எல்லாம் இருக்கும். எல்லைப்புறப் பட்டறைக்காரர் ஆங்கிலம் படித்தவரல்ல, பார்த்து வரைந்தவர். 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நிற்கும், என்ஃபீல்டில் ஓர் எழுத்து குறையும். இன்னும் வேடிக்கை, வி.ஆர். முத்திரைக்குக் கீழே 1905 போன்ற ஆண்டு. அரசி இறந்ததோ 1901 ஜனவரியில்.

போலி இல்லை என்று தெரிந்த பிறகும் கேள்வி முடிவதில்லை. பின்னாளில் பல மார்ட்டினி-ஹென்றிகளின் குழலைக் கழற்றி .303 அங்குலக் குழல் பொருத்தி மார்ட்டினி-என்ஃபீல்டு ஆக்கினார்கள். செய்தது அரசே. ஆகவே பொருள் மெய், ஆனால் பிறந்தபோது இருந்த குழல் இல்லை. இலக்கணத்தில் எழுத்து மாறியும் பொருள் மாறாவிட்டால் அதற்குப் போலி என்று பெயர். இங்கே உறுப்பு மாறினால் பொருளே மாறிவிடுகிறது.

அடுத்தது மேற்பரப்பு. பளபளப்புக்காகத் தேய்த்தால் முத்திரை எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், திருகுத் துளையைச் சுற்றிக் குழி விழும். மரக்கட்டை இரும்பைவிட இம்மியளவு உயர்ந்து நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். அழகுபடுத்தப் போய் முதலுக்கே மோசம் செய்த கதை.

இந்த 'முதல்'தான் நான் தேடிய தமிழ்ச்சொல். மூலம் என்று சிலர் எழுதுவார்கள். அதுவும் வேர்தான், ஆனால் வடமொழி வேர். தவிர நம் ஊரில் மூலப் பத்திரம் என்றால் சொத்தின் முந்தைய பத்திரம், அசல் பத்திரம் வேறு. வைத்தியரிடம் மூலம் என்றால் கதையே வேறு. முதலோ தொடக்கத்தையும் குறிக்கும், 'முதலும் வட்டியும்' என்று கடனிலும் நிற்கும். அசல் செய்கிற இரண்டு வேலையையும் அது செய்யும். ஆக, போலி அல்லாததை மெய் என்போம். உறுப்பும் மேற்பரப்பும் பிறந்தபடியே இருப்பதை முதல் மாறாதது என்போம்.

நேபாளத்துக்குப் பிரிட்டன் தந்த மார்ட்டினி-ஹென்றிகள் பல அந்த நாட்டுக் கிடங்கில் கிடந்து, 2003 வாக்கில் அமெரிக்க வணிகர்களிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றில் பிரிட்டிஷ் முத்திரையோடு, அந்நாட்டுப் படை பின்னர் அடித்த தேவநாகரி எழுத்துகளும் எண்களும் இருக்கும். மெய் என்பதில் ஐயமில்லை. முதல் மாறாததா என்றால், கறாராக இல்லைதான். ஆனாலும் அந்த எழுத்தைத் தேய்த்து அழிக்கிறவரைச் சேகரிப்பாளர்கள் மன்னிப்பதில்லை.