புல்லின் வேரில் கை வைக்கும் பூ

லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தெருக்காரர்கள் சேர்ந்து, தேனீக்களுக்காகப் பூங்கா ஓரத்தில் காட்டுப்பூ விதை தூவினோம். முதல் வருஷம் பாப்பியும் கார்ன்ஃபிளவரும் கண்ணைப் பறித்தன. இரண்டாம் வருஷம் வெறும் புல். விதையில் கோளாறா?"

விதை நல்ல விதைதான். அவை இரண்டும் கோதுமை வயல் களைகள். ஒரே வருஷத்தில் ஆயுள் முடியும், மண்ணைக் கிளறினால்தான் மறுபடி முளைக்கும். கிளறாத இடத்தில் நிலைப்பவை ஆக்ஸ்ஐ டெய்சி, நாப்வீட் போன்ற பல்லாண்டுச் செடிகள். அவற்றுக்கு எதிரி கொழுத்த மண். உரம் போட்டே பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். சத்து மிகுந்தால் ரைகிராஸ் போன்ற முரட்டுப் புற்கள் முந்திக்கொண்டு, பூச்செடி நாற்றுகளை நிழலிலேயே சாகடித்துவிடும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1856இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றும் நடக்கிறது. உரமே காணாத பாத்திகளில் சுமார் 40 வகைச் செடிகள். அமோனியம் சல்பேட் கொட்டி, சுண்ணாம்பு போடாமல் விட்ட பாத்திகளில் ஒன்றிரண்டு வகைப் புல். (மூன்று வருஷத்துக்கு நிதி கொடுத்துவிட்டு, நாலாவது வருஷம் 'பலன் எங்கே' என்று கேட்கிறவர்கள் இதற்குக் காசு தந்திருப்பார்களா?)

சத்தைக் குறைக்க மேல்மண்ணை வழித்தெடுக்கலாம், செலவு பிடிக்கும். மலிவான வழி, உள்ளே ஒரு திருடனை விடுவது.

அதன் பெயர் யெல்லோ ராட்டில், புல்வேரில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணிச் செடி. காய்ந்த காயை ஆட்டினால் விதை கலகலக்கும். நம் கிலுகிலுப்பைக்குப் பெயர் வந்ததும் இப்படித்தான், ஆனால் குடும்பம் வேறு. சோளத்தில் ஒட்டும் சுடுமல்லிதான் இதற்குப் பங்காளி. பச்சை இலை உண்டு, சர்க்கரையைத் தானே சமைத்துக்கொள்ளும். நீரும் தாதுச் சத்தும்தான் முக்கியமாகப் பக்கத்து வீட்டுக் கடன், திருப்பித் தராத கடன். இதன் வேர் புல்வேரைத் தொட்ட இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு முடிச்சு விழும். முடிச்சு புல்வேரை மோதிரம்போல் வளைக்கும்; நடுவிலிருந்து ஓர் ஆப்பு உள்ளே இறங்கி, நீர் ஏறும் சைலக் குழாயைத் தொடும். பம்ப் எதுவும் கிடையாது. இலைத்துளைகள் போதும்: புல் இரவில் துளையை மூடும், ராட்டில் இரவும் பகலும் திறந்தே வைத்திருக்கும். ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்டால், பலமாக உறிஞ்சுகிறவர் பக்கம்தானே தண்ணீர் போகும்!

டெய்சியிடம் இந்த வித்தை பலிக்காது. ஆப்பு இறங்கும் இடத்தில் அது லிக்னின் (மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் பொருள்) சுவர் எழுப்பிவிடும். ரிப்வோர்ட் பிளான்டைன் என்ற புல்வெளிச் செடி இன்னும் முரடு. தொட்ட இடத்துச் செல்களைத் தானே சாகடித்து வழியை அடைக்கும். புல்லுக்கு இந்தத் தற்காப்பு இல்லை; அது நலியும், பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கும். பயறுக் குடும்பச் செடிகளும் கூடவே அடி வாங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் சந்தன மரத்துக்கும் இதே தொழில்தான். நாற்றங்காலில் பக்கத்திலேயே துவரை வைப்பது அதற்காகத்தான்.

இனி வேலை. செப்டம்பரில் புல்லை ஒட்ட வெட்டி, பாதி மண் தெரியும்வரை இரும்பு வாரியால் கீறுங்கள். சதுர மீட்டருக்கு 1 கிராம் விதை, அதாவது 100 சதுர மீட்டருக்கு 100 கிராம். உலர்ந்த மணலில் கலந்து தூவி, மிதித்துவிடுங்கள். மண் போட்டு மூட வேண்டாம். அந்த வருஷ அறுவடை விதையாக இருக்கட்டும், பழையது முளைக்காது. சில மாதக் குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும். ஏப்ரலில் தூவியவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

மார்ச்சிலிருந்து கத்தி படக் கூடாது. ஜூனில் பூங்காத் துறை வண்டி வந்து வெட்டிவிட்டால் கதை முடிந்தது: இது ஒரு வருஷச் செடி, மண்ணில் கிடந்து பின்னால் முளைக்கும் வழக்கமும் கிடையாது. ஆகவே 'வெட்ட மாட்டோம்' என்று அவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, பலகையும் நட்டுவிடுங்கள். ஜூலைக் கடைசியில் விதை கொட்டியதும் வெட்டலாம். வெட்டியதை இரண்டு மூன்று நாள் காயவிட்டு, புரட்டி உதறி, மிச்ச விதை விழுந்தபின் முழுவதும் வாரி வெளியேற்றுங்கள். அங்கேயே மக்கவிட்டால் அதுவே உரம்.

தேதி பிடிபடவில்லையா? புல்லுக்குள் நடந்து பாருங்கள். காலடியில் கலகலவென்று சத்தம் கேட்டால் விதை தயார். தீவனப் புல் அறுத்த பழைய விவசாயிகளுக்கும் அதுதான் அடையாளம்.