மவுத் கார்டு இல்லாமல் எழுந்து வந்தவர்

வடசென்னையில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்துக்கு மாதம் இரண்டு தடவை போய் வருகிறேன். உளவியல் ஆலோசகருக்கு அங்கே என்ன வேலை என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. "எங்களுக்கு இன்னா மேடம், பைத்தியமா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். இப்போது பையன்களே செல்போனில் வீடியோவோடு வருகிறார்கள். அடிக்கடி வருவது ஒரே காட்சி: குத்துச்சண்டை வீரர் ஹோலிஃபீல்டின் காதை எதிராளி மைக் டைசன் ரிங்கிலேயே கடிப்பது. "திடீர்னு வெறி புடிச்சிக்கிச்சு மேடம் அவனுக்கு."

அந்தத் 'திடீர்னு'வை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

1996 நவம்பரில் நடந்த முதல் சண்டையில், 11-வது ரவுண்டில் டைசனை ஹோலிஃபீல்டு வீழ்த்தினார். அந்தச் சண்டையில் ஹோலிஃபீல்டு தலையால் முட்டினார் என்பது டைசன் தரப்பின் மனக்குறை. 1997 ஜூன் 28 அன்று லாஸ் வேகாஸில் மறுபடி மோதினார்கள். இரண்டாவது ரவுண்டில் மீண்டும் தலைகள் இடித்துக்கொண்டன. டைசனின் வலது கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் வந்தது. தற்செயல் என்று விட்டுவிட்டார் நடுவர் மில்ஸ் லேன்.

மூன்றாவது ரவுண்டுக்கு மணி அடித்ததும் டைசன், பல்லைக் காக்க வாயில் மாட்டும் மவுத் கார்டு இல்லாமல் எழுந்து வந்தார். லேன் திருப்பி அனுப்பி மாட்டிக்கொண்டு வரச் சொன்னார். இதைச் சொன்னால் பையன்கள், "கடிக்கணும்னு பிளான் பண்ணிதான் மேடம்" என்று சிரிப்பார்கள். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் பயிற்சி எடுக்கும் எந்த மாஸ்டரிடமும் நான் நிறுத்திக் காட்டுவது இந்த இடத்தைத்தான், கடியை அல்ல. ஆயிரம் தடவை செய்து பழகிய ஒன்று ஒருவருக்கு விட்டுப்போகிறது என்றால், அந்த ஒரு நிமிட இடைவேளையில் அவர் கார்னரில், அதாவது ரிங்கில் தன் மூலையில், உட்கார்ந்திருந்தும் அங்கே இல்லை.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். டைசன் மவுத் கார்டைத் துப்பிவிட்டு ஹோலிஃபீல்டின் வலது காதைக் கடித்தார். ஒரு துண்டு தரையில் விழுந்தது. ஹோலிஃபீல்டு தொடரலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு இரண்டு புள்ளியைக் குறைத்து, சண்டையைத் தொடர விட்டார் லேன். டைசன் இடது காதையும் கடித்தார். ரவுண்டு முடிந்ததும் தகுதி நீக்கம். நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் டைசனின் உரிமத்தைப் பறித்து 30 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அவருடைய 3 கோடி டாலர் சம்பளத்தில் அது பத்தில் ஒரு பங்கு. உரிமம் திரும்பக் கிடைத்தது 1998 அக்டோபரில்.

சிறுவயதில் டைசனுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவரான டெடி அட்லஸ், இந்தச் சண்டை தகுதி நீக்கத்தில் போய் முடியக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார். பையனுக்குப் பயிற்சி கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் எங்கே இருக்கிறது 'திடீர்'?

கோபம் தலைக்கேறும்போது உடம்பில் அட்ரினலின் பொங்குகிறது. யோசித்து நிறுத்தும் வேலையைச் செய்கிற, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி பிடி தளர்கிறது. இது எல்லோருக்கும் உள்ளது. குத்துச்சண்டைக்காரருக்குக் கூடுதலாக இரண்டு உண்டு. தலையில் வாங்கும் அடியே எரிச்சலைக் கூட்டும். எடைப் பிரிவுக்குள் வர வேண்டியவர்களுக்கு, சாப்பாட்டையும் தண்ணீரையும் வெட்டிய உடம்பு வேறு.

வெறி என்பது தோற்பவனுடைய நோய் என்று நினைத்துவிடக் கூடாது. 1996-ல் ஆண்ட்ரூ கொலோட்டா, ரிடிக் போவுடன் இரண்டு முறை மோதினார். இரண்டிலும் முன்னிலையில் இருந்தார். இரண்டிலும் இடுப்புக்குக் கீழே குத்தித் தகுதி நீக்கம் ஆனார். முதல் முறை நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நாற்காலி பறக்கும் அளவுக்குக் கலவரம்.

அதே போல வெடிப்பு என்றாலே கோபம்தான் என்பதும் இல்லை. 1997 பிப்ரவரியில் லெனாக்ஸ் லூயிஸுக்கு எதிராக ஆலிவர் மெக்கால் ரிங்குக்குள்ளேயே அழுதார். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார். ஐந்தாவது ரவுண்டில் நிறுத்தினார் நடுவர். அன்றைக்கும் நடுவர் மில்ஸ் லேன்தான். அதற்கு முந்தைய மாதங்களில் மெக்கால் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தவர். இந்த வீடியோவைப் போட்டால் கூடத்தில் சிரிப்பு எழும், "ஆம்பள அழுவானா" என்று. நான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பேன். கேள்வி அழுதவரைப் பற்றியது அல்ல, அந்த நிலையில் இருந்தவரை யார் ரிங்கில் ஏற்றினார்கள் என்பது.

அதிகம் வாக்குவாதம் வருவது விக்டர் ஒர்டீஸ் விஷயத்தில். 2011 செப்டம்பர், எதிரே ஃபிளாய்ட் மேவெதர். நான்காவது ரவுண்டில் ஒர்டீஸ் வேண்டுமென்றே தலையால் முட்டினார். ஒரு புள்ளி போனது. உடனே குற்ற உணர்வு வந்து கட்டிப்பிடித்தார், மன்னிப்புக் கேட்டார், மறுபடி மறுபடி. கை கீழே இருந்தபோது மேவெதர் இரண்டு குத்து விட்டார், நாக்அவுட். விதிப்படி அதில் தவறில்லை. "அப்போ நல்லவனா இருந்தா அடி வாங்கணுமா மேடம்?" என்று ஒருவன் கேட்டான். ஒரு தடவை கிளவுஸைத் தொட்டு மன்னிப்புக் கேட்பது பண்பு. அதற்கு மேல் ஒர்டீஸ் செய்ததை நான் பண்பு என்று சொல்ல மாட்டேன். முட்டியதும் உணர்ச்சி வெள்ளம், கட்டிப்பிடித்ததும் அதே வெள்ளம். மேவெதர் செய்தது அழகா என்று கேட்டால், இல்லை.

மாஸ்டர்களுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்வது கொஞ்சம்தான். ஸ்டூலில் உட்கார மறுப்பது, எதிர் கார்னரையே முறைப்பது, கேட்ட கேள்விக்கு நடுவரைப் பற்றியே பதில் வருவது: இவை தெரிந்தால் அந்த நிமிடத்தில் உத்தி பேசாதீர்கள். "அடிடா அவனை" என்று கத்தவே கத்தாதீர்கள். மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய சின்னக் கேள்வி ஒன்றைக் கேளுங்கள்.

போன வருடம் ஒரு போட்டியில் எங்கள் பையன் ஒருவன் விதிக்கு மாறாகப் பிடரியில் குத்து வாங்கினான். நடுவர் பார்க்கவில்லை. ரவுண்டு முடிந்து நின்றுகொண்டே முறைத்தான். மாஸ்டர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீரைத் தெளித்து, "காலைல எந்த பஸ்ல வந்த?" என்று கேட்டார். அவன் திருதிருவென்று விழித்து, ஒரு நம்பரைச் சொன்னான். மணி அடித்தது. கடைசியில் புள்ளிக் கணக்கில் தோற்றான். எதிராளிக்கும் அந்தப் பக்கத்து மாஸ்டருக்கும் கை கொடுத்துவிட்டு இறங்கி, கைப்பட்டையை அவிழ்த்தபடி என்னிடம் வந்தான்.

"மேடம், நம்பர் தப்பா சொல்லிட்டேன். நான் ஷேர் ஆட்டோல வந்தேன்."