பிராக்கிதெரபி: அண்மைக் கதிர் சிகிச்சை

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை எடுப்பவரைப் பற்றி விசாரித்தால், 'கரண்ட் வைக்கிறாங்க' என்பார்கள். சரி, எந்தக் கரண்ட்? தள்ளி இருக்கும் பெரிய மெஷினிலிருந்து வருவதற்கும் அதே பேச்சு, உதட்டுக்குள் குழாய் செருகிக் கொடுப்பதற்கும் அதே பேச்சு. இதில் இரண்டாவதுதான் பிராக்கிதெரபி.

கிரேக்கத்தில் 'பிராக்கிஸ்' என்றால் குட்டை, 'தெரபியா' என்றால் சிகிச்சை. சீக்கிரம் முடிகிற சிகிச்சை என்று சிலர் பொருள் கொள்கிறார்கள், தப்பு. இங்கே குட்டையானது கதிர் கிளம்பும் இடத்துக்கும் கட்டிக்கும் இடையிலான தூரம். கியூரி தம்பதி 1898இல் கதிர் வீசும் ரேடியத்தைக் கண்டறிந்த சில ஆண்டுகளிலேயே, அதைக் கட்டிக்குள் வைத்துப் பார்க்கும் யோசனை பிறந்துவிட்டது. பெயர் வந்தது 1931இல், ஸ்வீடன் மருத்துவர் ஃபோர்செல் வழியாக. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'கியூரிதெரபி' என்கிறார்கள். காரைக்கால்காரர்கள் யாரேனும் பிரான்சிலிருந்து கொண்டுவரும் மருத்துவக் கடிதத்தில் அந்தப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

தமிழில் 'உள்கதிர் சிகிச்சை' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடினை விழுங்கக் கொடுப்பதும் உள்ளே போகும் கதிர்தானே! 'அண்மைக் கதிர் சிகிச்சை' பொருந்துகிறது. அண்டை வீடு, அணுகுதல் எல்லாம் அந்த அண்மையின் உறவுகள். பள்ளி இலக்கணத்தில் அண்மைச்சுட்டுக்குச் சேய்மைச்சுட்டு இருப்பதுபோல, வெளியிலிருந்து வரும் டெலிதெரபிக்குச் 'சேய்மைக் கதிர்' என்று ஜோடியும் கிடைத்துவிடுகிறது.

அண்மைக்கு ஏன் இத்தனை மதிப்பு? கதிர் கிளம்பும் இடத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் வலு ஏறத்தாழ கால்பங்காகிவிடும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. கட்டிக்கு முழு அடி, பக்கத்துத் தசைக்குக் குறைவு.

உதட்டுக்கு இது நன்றாகவே ஒத்துவரும். வயல்வெயில், பீடி, கீழுதட்டு இடுக்கில் அதக்கும் புகையிலை என்று டெல்டாவில் உதட்டைப் பதம்பார்க்கும் சங்கதிகளுக்குக் குறைவில்லை. சின்னப் புண்ணை வெட்டி எடுத்துவிடலாம். பெரிதாக வெட்டினால் வாய் சுருங்கும், பேச்சும் சாப்பாடும் சிரமப்படும் என்னும் இடத்தில்தான் பிராக்கிதெரபி கைகொடுக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டோ மயக்கம் கொடுத்தோ, மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை உதட்டுத் தசைக்குள் வரிசையாகச் செருகுவார்கள். அப்புறம் கம்பி முனையில் ஒட்டிய கடுகளவு இரிடியம்-192 என்னும் கதிரியக்க உலோகம், மெஷினிலிருந்து ஒவ்வொரு குழாயாக நுழைந்து, கணக்கிட்ட புள்ளிகளில் நின்று நின்று திரும்பும். ஒரு தடவைக்குச் சில நிமிடம். பெரும்பாலும் காலை ஒன்று, குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு மாலை ஒன்று, இப்படிச் சில நாள். ஈறும் தாடையெலும்பும் தப்பிக்க உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே ஈயத்தகடு வைப்பதுண்டு.

முடிந்த பிறகு உதடு புண்ணாகித் தோலுரியும், சில வாரத்தில் ஆறும். 'உடம்பில் கதிர் இருக்குமே, பேரப்பிள்ளையைத் தூக்கலாமா' என்று கேட்பார்கள். இந்த முறையில் இரிடியம் மெஷினுக்கே திரும்பிவிடுவதால் தாராளமாகத் தூக்கலாம்.