கஞ்சா புகைத்தால் குரோமோசோம் உடையுமா?

1974-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டன் ஸ்டென்சீவர் குழுவினர் கஞ்சா புகைக்கும் 49 பேர், புகைக்காத 20 பேர் ஆகியோரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 100 வெள்ளை அணுக்களை எடுத்தால், குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) முறிந்தவை முதல் குழுவில் சராசரியாக 3.4, மற்றவர்களிடம் 1.2. அவ்வளவுதான், கஞ்சா மரபணுவையே நொறுக்கிவிடும் என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

இந்த எண் எப்படிக் கிடைக்கிறது? குரோமோசோம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது செல் பிரியும் நேரத்தில்தான். ரத்தத்தில் சும்மா சுற்றும் வெள்ளை அணுக்களை ராஜ்மாவிலிருந்து எடுத்த ஒரு புரதத்தால் உசுப்பிப் பிரிய வைத்து, பாதியில் கோல்கிசினைப் போட்டு நிறுத்துவார்கள் (நம்மூர் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சுதான்), அப்புறம் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி, முறிவுகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். கஞ்சாவைத் தொடாதவர்களிடமும் 1.2 இருந்ததைக் கவனியுங்கள். எக்ஸ்ரே, வைரஸ் காய்ச்சல், சிகரெட் எல்லாமே முறிவை உண்டாக்கும். புகைக்கத் தொடங்குவதற்கு முன்னால் அந்த 49 பேரின் செல்கள் எப்படி இருந்தன என்று இந்த மாதிரி ஒப்பீட்டில் தெரியாது, என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய ஓட்டை. அதே காலத்தில் வாரன் நிக்கோல்ஸ் குழு ஆட்களுக்குக் கஞ்சாப் பொருட்களை வாய்வழியாகக் கொடுத்து, முன்னும் பின்னும் ரத்தத்தைப் பார்த்தது. முறிவு கூடவில்லை.

1982-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மருத்துவ நிறுவனத்தின் (Institute of Medicine) அறிக்கையும் கஞ்சா குரோமோசோமை உடைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. ஆனால் செல் பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கு பிரியாமல் எண்ணிக்கை குளறுபடியாகலாம் என்ற சந்தேகத்தை அது தள்ளிவிடவில்லை.

சரி, அப்படியானால் கவலையே இல்லையா? கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி என்ற வேதிப்பொருள் ஒன்று, கஞ்சா இலையை எரித்தால் வரும் புகை வேறொன்று. எந்த இலையை எரித்தாலும் பென்சோபைரீன் போன்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்கள் உண்டாகும். நுரையீரலுக்குள் போனதும் உடம்பு அதைக் கழுவி வெளியேற்றுவதற்காக நொதிகளால் மாற்றப்போய், அந்த மாற்றமே அதை டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் போய் ஒட்டிக்கொள்ளும் பொருளாக்கிவிடுகிறது. பழுது நீக்கும் முன்பே செல் பிரிந்தால் பிழை நிலைத்துவிடும். சிகரெட் புகையில் மட்டுமல்ல, கஞ்சாவின் புகையிலும் இந்தப் பொருட்கள் உண்டு.

இன்னொன்று, வெள்ளை அணுவில் வரும் முறிவு பிள்ளைகளுக்குப் போகாது. அதற்கு விந்தணுவிலோ கருமுட்டையிலோ மாற்றம் வந்திருக்க வேண்டும், ரத்தத்தை எண்ணி அதைச் சொல்லிவிட முடியாது.