மேன்முறையீடு வேண்டுகோள் அல்ல

போன மாதம் வன்னியில் விசுவமடுவிலிருந்து ஓர் அம்மா இரண்டு தாள்களோடு என் வீட்டு விறாந்தைக்கு வந்தார். அவருடைய மகன் அமெரிக்கப் படையில் இருந்து, முழங்காலில் காயப்பட்டு வெளியே வந்தவன். 7 வருடமாக மாதாமாதம் ஒரு தொகை வருகிறது. இப்போது அதைக் குறைக்கப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. "அம்மா, நான் லீவில வந்து நின்றபோது நீங்கள் கண்டதை எழுதி அனுப்புங்கோ" என்று சொல்லி, கடிதத்தையும் வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்தி கைபேசியில் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தமிழின் முதல் வரி: "மூத்த வீரர்களின் ஊனமுற்ற நன்மைகள் மீதான வேண்டுகோள்."

வேண்டுகோள் என்று கண்ட அம்மா வேண்டுகோளையே எழுதிவிட்டார். கணவர் இல்லாதது, வீட்டுக் கடன், இளையவளின் கலியாணம், "உங்கள் பிள்ளை மாதிரி நினைத்து இரங்குங்கோ." வாசிக்க எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் மகனின் முழங்காலைப் பற்றி அந்த இரண்டு பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

மேன்முறையீடு வரவேண்டிய இடத்தில் வேண்டுகோள் என்ற சொல்லை நான் காண்பது இது முதல் தடவை அல்ல. செய்தியில் கண்டிருக்கிறேன், படிவங்களில் கண்டிருக்கிறேன், படித்த பிள்ளைகள் வாயாலும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மேன்முறையீடு என்ற சொல்லின் பிறப்பில் சிக்கல் அதிகம் இல்லை. முறை என்றால் ஒழுங்கு, நீதி. "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்" என்று குறள் சொல்வது நீதி வழங்கும் அரசனை. அந்த முறையைக் கேட்டு நிற்பது முறையிடுவது. ஒரு முடிவு வந்த பிறகு அதற்கு மேலே உள்ளவரிடம் போய் முறையிட்டால் மேன்முறையீடு. மேல் என்பதன் லகரம் மெல்லினத்துக்கு முன் னகரமாவது நன்னூல் விதி, மேன்மக்கள் என்பதுபோல. தமிழ்நாட்டில் மேல்முறையீடு என்று எழுதுகிறார்கள். அதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. பேச்சில் "அப்பீல் போடுறது" என்கிறோம், அதுவும் சரி, எல்லாருக்கும் விளங்கும்.

வேண்டுகோள் வேறு. வேண்டுவது என்றால் விரும்பிக் கேட்பது. கொடுப்பதும் விடுவதும் கேட்கப்படுபவரின் மனம். அவர் இல்லை என்றால் கும்பிட்டுவிட்டுத் திரும்பவேண்டியதுதான். மேன்முறையீட்டில் அப்படி இல்லை. முடிவு பிழை என்று காட்டுகிறோம், அதைக் கேட்டுக் காரணத்தோடு பதில் சொல்வது மேலே இருப்பவரின் கடமை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அப்பீல் என்ற ஒரே சொல். வெள்ளம் வந்தால் உதவி கேட்பதற்கும் அதுதான், நீதிமன்றத்தில் மேலே போவதற்கும் அதுதான். அவர்கள் மொழியில் அந்த வேறுபாடு இடம் பார்த்து விளங்கும். எங்களிடம் இரண்டு சொல் தனித்தனியாக இருக்கிறது. இருக்கிற இரண்டில் பிழையானதை எடுத்து வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வேண்டுகோள் எளிய சொல், சனங்களுக்கு விளங்கும், மேன்முறையீடு கச்சேரித் தமிழ், அதாவது அரச அலுவலகத் தமிழ் என்று சொல்லுகிறார்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். 2023இல் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் பெயர்ப்பட்டியல் வந்தபோது வன்னியில் எந்த வீட்டில் இந்தச் சொல் புழங்கவில்லை? பள்ளிக்கூடப் படியே மிதிக்காத ஆச்சிமார் "மேன்முறையீடு குடுத்திட்டன், பதில் வரேல்ல" என்று சொன்னார்கள். தகுதியில்லாதவர் பட்டியலில் இருந்தால் கொடுப்பது ஆட்சேபனை, தகுதியிருந்தும் தன் பெயர் விடுபட்டால் கொடுப்பது மேன்முறையீடு என்று பிரித்தும் தெரிந்திருந்தார்கள். தேவை வந்தால் சனம் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். சனத்துக்கு விளங்காது என்று சொல்லுகிறவர்களுக்குத்தான் சனத்தை விளங்கவில்லை.

இன்னும் சிலர் மறுபரிசீலனைக் கோரிக்கை என்று எழுதுகிறார்கள். இது வேண்டுகோளை விட மேல், ஆனால் இதுவும் பிழை. மறுபரிசீலனை என்றால் அதே மேசையில் அதே ஆள்கூட இன்னொரு தடவை பார்க்கலாம். மேன் என்ற பகுதி சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. வேறு ஆள், மேலே உள்ள ஆள் என்பதை அதுதான் சொல்லுகிறது.

அமெரிக்கச் சட்டத்தையே எடுத்துப் பாருங்கள். 2017இல் இயற்றி 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இழப்பீடு மறுக்கப்பட்ட அல்லது குறைக்கப்பட்ட முன்னாள் படைவீரருக்கு மூன்று வழி உண்டு. புதிய சான்றைச் சேர்த்து மீண்டும் கேட்கலாம். புதிய சான்று எதுவும் இல்லாமல், மூத்த அலுவலர் ஒருவர் கோப்பை மீளாய்வு செய்யும்படி கேட்கலாம். அல்லது மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். வழமையாக ஒரு வருடத்துக்குள் இதைச் செய்யவேண்டும். சபையும் கைவிட்டால் 120 நாளுக்குள் அதற்கென்றே உள்ள நீதிமன்றத்துக்குப் போகலாம். கைபேசித் தமிழ் இத்தனையையும் வேண்டுகோள் என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறது. எந்த வழியில் சான்று சேர்க்கலாம், எதில் சேர்க்க முடியாது என்பதே தெரியாமல் போகிறது.

அந்த நீதிமன்றத்துக்குச் சட்டம் வந்தது 1988இல். அதற்கு முன் படைவீரரின் இழப்பீட்டு முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அங்கே வழி அடைபட்டிருந்தது. நிர்வாகம் சொன்னதே கடைசி. அந்தக் காலத்து நிலைமையை யாராவது வேண்டுகோள் என்று எழுதினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். போராடிப் பெற்ற உரிமையைப் பழைய கும்பிடாக மாற்றி எழுதுவதைப் பொறுக்க முடியவில்லை.

இந்த மகனுக்கு வந்ததோ இன்னும் முடிவே அல்ல. குறைப்பதற்கான முன்மொழிவு. இந்தக் கட்டத்தில் மேன்முறையீடு என்றுகூடச் சொல்லக்கூடாது, ஆட்சேபனை என்பதே பொருத்தம். அது வடசொல் என்று எனக்கும் தெரியும். மறுப்புரை என்று ஆக்கிப் பார்த்தேன், ஆனால் கோரிக்கையை மறுப்பதும் மறுப்பு என்பதால் யார் எதை மறுத்தார் என்று குழம்புகிறது. தெளிவா தூய்மையா என்று வந்தால், காசும் தவணையும் கிடக்கிற இடத்தில் நான் தெளிவின் பக்கம் நிற்பேன்.

தவணை என்று சும்மா சொல்லவில்லை. முன்மொழிவு அனுப்பிய திகதியிலிருந்து 60 நாளுக்குள் சான்று கொடுக்கலாம். 30 நாளுக்குள் விசாரணை கேட்டால், இறுதி முடிவு வரும்வரை பழைய தொகையே தொடரும். அம்மா வந்தபோது 19 நாள் போயிருந்தது. முதலில் மகனுக்கு அழைத்து விசாரணை கேட்கச் சொன்னேன். அந்த 30 நாளைப் பற்றிய பந்தி கைபேசித் தமிழிலும் இருந்தது. விசாரணை கேட்கலாம் என்பது அதில் "நீங்கள் கேட்டலை வேண்டலாம்" என்று இருந்தது. யாருக்கு என்ன விளங்கும்?

நன்மை என்பதும் அப்படித்தான். படைச் சேவையில் உடம்பு கெட்டதற்குக் கொடுப்பது இழப்பீடு. நன்மை என்றால் யாரோ செய்த நல்லகாரியம்போல் ஆகிறது, சலுகை என்பது அதைவிட மோசம். 34 வயதுப் பொடியனை மூத்த வீரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னாள் படைவீரர் என்றால் முடிந்தது.

ஏன் எங்கள் கை தானாகவே வேண்டுகோள் எழுதப் போகிறது என்றும் யோசித்தேன். வன்னியில் காலை இழந்தவர்கள், உடம்பில் சன்னத்தோடு நடமாடுகிறவர்கள் எத்தனை பேர். இங்கே மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது. காயத்தைவிட வறுமையைத்தான் காட்டவேண்டியிருக்கிறது. கிராம அலுவலரான விதானையாருக்கு எழுதினாலும் பிரதேச செயலகத்துக்கு எழுதினாலும் கஷ்டத்தை முதலில் எழுதிப் பழகிவிட்டோம். அமெரிக்க இழப்பீட்டில் வறுமை கணக்கிலேயே இல்லை. முடக்கத்தை அளந்து வைக்கும் விகிதம் வசதியானவனுக்கும் ஒன்றுதான், ஏழைக்கும் ஒன்றுதான். காயம் சேவையால் வந்ததா, இப்போது எவ்வளவு முடக்குகிறது என்பதுதான் கேள்வி. குறைப்பதாக இருந்தால், அன்றாட வாழ்விலும் வேலையிலும் உண்மையாகவே முன்னேற்றம் உண்டு என்று காட்டவேண்டியது நிர்வாகம். 5 வருடத்துக்கு மேல் நிலைத்த விகிதத்தைப் பொதுவாக ஒரேயொரு பரிசோதனையை வைத்துக் குறைக்க முடியாது. இரு பக்கச் சான்றும் சரிசமமாக நின்றால் படைவீரர் பக்கமே தீர்க்கவேண்டும் என்பதும் சட்டம். அப்படியான இடத்தில் கண்ணால் கண்ட தாயின் சாட்சியத்துக்கு எவ்வளவு பெறுமதி!

"மாஸ்டர், அப்ப நான் என்னத்தை எழுதிறது?" என்று அம்மா கேட்டார்.

"வந்து நின்ற நாளில என்ன கண்டனீங்களோ அதை மட்டும் எழுதுங்கோ அக்கா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொல்லச் சொல்ல எழுதினேன். கோயிலில் சப்பாணி கட்டி இருக்க முடியாமல் மூன்று வாரமும் கதிரை கேட்டது. கிணற்றுக்கட்டில் ஏறும்போது மதிலைப் பிடித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பி முற்றத்தில் காலை உதறி உதறி நடந்தது. மினிபஸ்ஸில் மிதிபலகையில் கால் வைக்க முடியாமல் ஓட்டோ பிடித்தது. ஒன்றரைப் பக்கம் வந்தது. திகதிகளை அவரே கலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

கடைசியில் "தயவுசெய்து" என்று ஒரு வரி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், கையெழுத்தும் திகதியும் போடுங்கோ என்றேன். மகன் அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்புச் சேர்த்து அனுப்புகிறான். மொழிபெயர்க்கிறவரிடம் கொடுக்க முன்னர் எனக்கு ஒருக்கா அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.