நில உபயோக விதிகள் மாறும் வழி: கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் நடப்பவை

நகரமைப்புத் துறையில் நான் பணியாற்றிய ஆண்டுகளில், நில உபயோக விதிகளை (எந்த இடத்தில் எதைக் கட்டலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்பவற்றை) மாற்றுவதற்கான கருத்துக் கேட்புக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி ஒன்று உண்டு. ஒரு கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பென்சிலால் குறியிட்ட வரைபடத்தை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கள் தெருவின் விதியை மாற்றலாம் என்று முதலில் எப்போது முடிவு செய்தீர்கள்? அப்போதே எங்களை ஏன் கேட்கவில்லை?" என்று நிதானமாகக் கேட்டார். எட்டு மாதங்களுக்கு முன் நடந்த உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் அந்த முடிவு எடுக்கப்பட்டிருந்தது. பொருள் நிரலில் அது ஒரே ஒரு வரி. அன்று பார்வையாளர் இருக்கைகளில் ஒருவரும் இல்லை. அந்த வரி எங்கிருந்து வருகிறது, எப்படி முன்வரிசைக்கு வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அந்த ஆசிரியரைப் போன்றவர்கள் தாமதமாக வந்து வருந்த நேராது என்பதால் இதை எழுதுகிறேன்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபட்டாலும் நடைமுறையின் எலும்புக்கூடு பெரும்பாலும் ஒன்றே. யாரோ ஒருவர் மாற்றத்தை முன்மொழிகிறார். வந்து சேர்ந்த முன்மொழிவுகளிலிருந்து அந்த ஆண்டு எவற்றை ஆராய்வது என்று உள்ளாட்சி ஒரு பட்டியல் போடுகிறது. பட்டியலில் இடம்பெற்றவற்றுக்கு ஆய்வும் வரைவும் தயாராகின்றன. அதன் பிறகே அறிவிப்பு, கேட்புக் கூட்டம், மன்றத்தின் வாக்கு, சில இடங்களில் மாநில அரசு போன்ற மேலமைப்பின் ஒப்புதல். பொதுமக்கள் அறிந்தது கேட்புக் கூட்டத்தை மட்டுமே. அது நடக்கும் வேளையில் அலுவலர்கள் பல மாத உழைப்பைச் செலவிட்டு, வரைவின் ஒவ்வொரு சொல்லையும் சட்டப் பிரிவுடன் சரிபார்த்து முடித்திருப்பார்கள். ஆகவே அங்கே எழுகிற ஆட்சேபனைகள் கட்டட உயரத்தில் சில அடிகளைக் குறைக்கலாம், ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். முன்மொழிவையே கைவிடச் செய்வதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மாற்றங்களில் இரு வகை உண்டு. குடியிருப்பு மண்டலமாக இருந்த மனைகளை வணிக மண்டலமாக வரைபடத்தில் மாற்றுவது ஒன்று. விதியின் வாசகத்தை மாற்றுவது மற்றொன்று. வரைபடம் மாறினால் நிறம் மாறுகிறது, அக்கம்பக்கத்தார் பதறுகிறார்கள், கூட்டம் சேர்கிறது. வாசகம் மாறும்போது பெரும்பாலும் யாரும் வருவதில்லை. ஆனால் அதன் வீச்சு நகரம் முழுவதற்கும் உரியது. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் புதிய விதித்தொகுப்பைக் கொண்டுவந்தபோது, கட்டடம் கட்டுபவர் இத்தனை வண்டிகளுக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்ச நிபந்தனையை நகரெங்கும் நீக்கியது. அந்த நீக்கம் ஏறக்குறைய ஒவ்வொரு மனையின் கணக்கையும் மாற்றியது.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம், விதித்தொகுப்பின் நடுவே வரும் உபயோக அட்டவணை. இடப்பக்கம் உபயோகங்கள், மேலே மண்டலங்கள், கட்டங்களுக்குள் ஓரெழுத்துக் குறியீடுகள். 'சிறப்பு அனுமதியின் பேரில்' என்பதைச் சொல்லும் குறியீடு ஒரு கட்டத்தில் இருந்தால், அங்கே திருமண மண்டபம் கட்ட நினைப்பவர் விண்ணப்பித்து, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தகவல் போய், அவர் வந்து பேசிய பிறகே அனுமதி பெற முடியும். அந்தக் குறியீடு 'அனுமதிக்கப்பட்டது' என்று மாறினால், அவர் கட்டட வரைபடத்தைக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பேசும் உரிமையே இல்லாமல் போகிறது. ஓரெழுத்துதான் மாறியிருக்கிறது. பட்டியலில் இது 'அட்டவணைத் திருத்தம், நடைமுறை எளிமைக்காக' என்று குறிக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட திருத்தம் பல வேளைகளில் நியாயமானதும்கூட. ஆனால் எந்தக் கட்டம், எந்த மண்டலம் என்று கேட்காமல் அதைக் கடந்துவிடாதீர்கள்.

முன்மொழிபவர்கள் யார்? நில உரிமையாளரும் கட்டுமான நிறுவனமும் விண்ணப்பிப்பது எல்லோரும் அறிந்ததே. மன்ற உறுப்பினர் கொண்டுவரலாம். மேலமைப்பு புதிய சட்டம் இயற்றினாலோ நீதிமன்றம் ஒரு விதியைச் செல்லாது என்று சொன்னாலோ உள்ளாட்சி கட்டாயமாக மாற்ற வேண்டிவரும். இவற்றோடு அலுவலகத்துக்கு உள்ளிருந்து வருவதும் ஒன்று உண்டு. விண்ணப்பங்களை வாங்கும் முகப்பில் அமர்ந்திருக்கும் அலுவலருக்கு எந்த விதி நடைமுறையில் மக்களைப் படுத்துகிறது என்பது தெரியும். என்னுடன் பணிபுரிந்த ஒருவர், விதிவிலக்கு கேட்டு வரும் ஒவ்வொரு மனுவையும் எந்தப் பிரிவின் கீழ் வந்தது என்று நோட்டில் எழுதி வைப்பார். கட்டடத்துக்கும் மனையின் பக்க எல்லைக்கும் நடுவே இடம் விடச் சொல்லும் ஒரே விதிக்கு விலக்கு கேட்டு ஓராண்டில் இருபது மனுக்கள் வருமானால், அந்த இருபது பேரிடத்தில் தவறில்லை, விதியிலேயே கோளாறு இருக்கிறது என்பது அவர் வாதம். நான் கண்டவற்றில் மிகப் பயனுள்ள திருத்தங்கள் பல அந்த நோட்டிலிருந்து பிறந்தவை.

பெரிய மாற்றங்களும் பல தரப்பினரின் அழுத்தம் ஒன்றுசேர்ந்தே பிறந்திருக்கின்றன. நியூயார்க்கில் 1915இல் கட்டி முடிக்கப்பட்ட ஈக்விட்டபிள் கட்டடம், தெருவோரத்திலிருந்து பின்வாங்காமல் நேராக உயர்ந்து சுற்றுப்புறத்தின் வெளிச்சத்தை மறைத்தது. மறுபுறம், ஆடைத் தொழிற்கூடங்கள் தங்கள் கடைவீதிக்குள் நுழைவதை ஐந்தாம் நிழற்சாலை (ஃபிஃப்த் அவென்யூ) வணிகர்கள் எதிர்த்தார்கள். நோக்கம் வேறுவேறு, ஆனால் 1916இல் அந்நகரம் தன் முதல் மண்டல விதிகளை நிறைவேற்றியபோது, கட்டடத்தின் உயரமும் நிலத்தின் உபயோகமும் ஒரே ஆவணத்தில் கட்டுப்படுத்தப்பட்டன.

இனி முன்னுரிமைக்கு வருவோம். உண்மையான அதிகாரம் இங்கேதான் இருக்கிறது. நகரமைப்புப் பிரிவில் ஆட்கள் சிலரே. ஒரு திருத்தத்துக்கு வரைபடம், போக்குவரத்து ஆய்வு, குடிநீர்க் கொள்ளளவுக் கணக்கு, சட்டக் கருத்து, அறிவிப்பு அனைத்தும் தேவை. சட்டம் கெடு விதித்தவை முதலில் போய்விடும். நீதிமன்ற உத்தரவு அடுத்தது. கட்டணம் செலுத்தி வந்த உரிமையாளர் விண்ணப்பங்களுக்கும் பல இடங்களில் காலக்கெடு உண்டு என்பதால் அவையும் முன்னே நகரும். மீதமிருக்கும் நேரத்தில்தான் குடிமக்கள் சொன்ன யோசனைகளும், அந்த நோட்டில் குறித்தவையும், மன்றமே விரும்பிய நீண்டகாலச் சீர்திருத்தங்களும் இடம் தேட வேண்டியிருக்கிறது. கட்டணமும் கெடுவும் உள்ளவை நகர, அவை இல்லாதவை ஆண்டுக்கணக்கில் நிற்பதை நான் கவலையோடு பார்த்திருக்கிறேன். எவருடைய தனிப்பட்ட தீய நோக்கமும் இதற்குத் தேவையில்லை; வேலை அமையும் விதமே இதைச் செய்துவிடுகிறது.

இந்தக் குறையைச் சட்டத்தாலேயே ஓரளவு சரிசெய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் சான்று. அங்கே 1990இல் வந்த வளர்ச்சி மேலாண்மைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும், சில விலக்குகள் நீங்கலாக, முழுமைத் திட்டத்தை (ஊரின் நீண்டகால வளர்ச்சிக்கான கொள்கைகளைச் சொல்லும், விதிகளுக்கு அடிப்படையான ஆவணத்தை) ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் திருத்தக் கூடாது என்கின்றன. அந்த ஆண்டின் முன்மொழிவுகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, அவற்றின் கூட்டு விளைவைப் பார்க்க வேண்டும். பத்து வயல்களைத் தனித்தனியாகக் குடியிருப்பாக மாற்றினால் ஒவ்வொன்றும் சின்ன விஷயமாகத் தெரியும். பத்தையும் ஒரே மேசையில் வைத்தால்தான் கழிவுநீர்க் குழாய் தாங்காது என்பது கண்ணில் படும். மேலும், அச்சட்டத்தின் கீழ் திட்டமிடும் உள்ளாட்சிகள், எவர் கொடுத்த யோசனையையும் பதிவேட்டில் ஏற்றி, ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரிசீலித்தாக வேண்டும். குப்பைக் கூடைக்குப் போகாது என்ற அந்த உறுதியே பெரிய காரியம்.

நியூசிலாந்து வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அதன் 1991ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டம், நில உபயோக விதிகள் அடங்கிய உள்ளாட்சித் திட்டத்தில் தனிநபரும் மாற்றம் கோர வழிவிட்டது. கூடவே, மன்றம் எந்தக் காரணங்களுக்காக மட்டும் அதை மறுக்கலாம் என்பதையும் எழுதி வைத்தது. அதே பொருள் கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பரிசீலிக்கப்பட்டிருந்தால் மறுக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. மறுப்புக்குச் சட்டம் வரையறுத்த காரணம் வேண்டும் என்றாகும்போது அலுவலகக் குறிப்பின் தரமே மாறிவிடுகிறது.

பல உள்ளாட்சிகள் மதிப்பெண் அட்டவணை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. முழுமைத் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா, எத்தனை பேருக்குப் பயன், உள்கட்டமைப்பு தாங்குமா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை என்பதைத் தீர்மானிப்பவர் விடையையும் பாதி தீர்மானித்துவிடுகிறார். 'வரி வருவாய்' என்ற வரிக்கு இருபதும் 'வாடகைதாரர் இடப்பெயர்வு' என்ற வரிக்கு ஐந்தும் கொடுத்த அட்டவணை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதன்பின் வந்த கூட்டல் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆகவே மொத்த மதிப்பெண்ணைப் பற்றி வாதிடுவதற்கு முன்பு எடைகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? உங்கள் உள்ளாட்சியில் யோசனைகளை எந்த மாதம் வரை பெறுகிறார்கள், பட்டியல் எந்தக் கூட்டத்தில் வைக்கப்படுகிறது என்ற இரண்டு தேதிகளையும் முதலில் கேட்டறியுங்கள். பிறகு எழுதிக் கொடுங்கள். தன் வீட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்த விரும்பிய ஒரு பெண்மணிக்கு, அது 'வணிகம்' என்ற வரையறைக்குள் வருகிறது என்று அனுமதி மறுக்கப்பட்டது. அவர் கையெழுத்து இயக்கம் எதுவும் நடத்தவில்லை. ஒரே ஒரு தாளில், விதியின் எண், இப்போதுள்ள வாசகம், அதனால் தமக்கு நேர்ந்தது, மாற்றாகத் தாம் முன்வைக்கும் வாசகம், முழுமைத் திட்டத்தின் எந்தக் கொள்கைக்கு அது துணைநிற்கிறது என்பவற்றை எழுதித் தந்தார். அதே சமயத்தில் வந்து சேர்ந்த யோசனைகளில் முந்நூறு கையெழுத்துகளோடு 'எங்கள் பகுதியைக் காப்பாற்றுங்கள்' என்ற மனுவும் இருந்தது. அதைத் தந்தவர்களின் வேதனை உண்மையானது, ஆனால் எந்த விதியை என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லாததால் அலுவலரால் அதைப் பட்டியலின் ஒரு வரியாக ஆக்க முடியவில்லை. அந்தப் பெண்மணியின் தாள் ஏறக்குறைய அப்படியே வரைவாயிற்று.

உங்கள் யோசனை அந்த ஆண்டு எடுத்துக்கொள்ளப்படாவிட்டால், அதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'ஆட்கள் போதாது' என்பது ஒரு பதில். 'முழுமைத் திட்டத்துக்கு முரண்' என்பது முற்றிலும் வேறு பதில். முதல் பதில் என்றால் அடுத்த ஆண்டு அதே தாளைப் புதிய தேதியிட்டுக் கொடுக்கலாம். இரண்டாவது என்றால் விதியை விட்டுவிட்டு, முழுமைத் திட்டம் மறுஆய்வுக்கு வரும் ஆண்டைக் குறித்து வைத்துக்கொண்டு அங்கே போக வேண்டும்.