ஓட்டல் புள்ளிகள்: அடிக்கடி பயணம் போகிறவருக்குக் கட்டுப்படியாகுமா?

ஓசூர் சிப்காட்டிலிருந்து இயந்திரங்களுக்கு சர்வீஸ் பார்க்க ஊர் ஊராகப் போகும் பொறியாளர்கள், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு ஆர்டர் பிடிக்கக் கிளம்புகிறவர்கள், கிரானைட் ஏற்றுமதிக்காரர்கள். இவர்களுக்கெல்லாம் மாதத்தில் பல இரவுகள் ஓட்டல் ரூமில்தான் கழிகின்றன. பெரிய பிராண்டு ஓட்டல் என்றால் சாவி கொடுக்கும்போதே ரிசப்ஷனில் கேட்பார்கள்: "சார், மெம்பர்ஷிப் இருக்கா? ஃப்ரீதான், போட்டுடட்டுமா?"

போடச் சொல்லலாம். சேர்வதற்குக் காசு இல்லை. தங்கிச் செலவழிக்கும் காசுக்குப் புள்ளி சேரும், போதுமான புள்ளி சேர்ந்தால் அதைக் கொடுத்து ஓர் இரவு இலவசமாகத் தங்கலாம். அடுத்த முறை எந்த ஓட்டலில் தங்குவது என்பதை அந்த மெம்பர்ஷிப் தீர்மானிக்க விடலாமா என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். அதற்கு இந்தத் திட்டம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பயணிகளுக்கு, பறந்த தூரத்தைச் சேர்த்து இலவச டிக்கெட் வாங்கும் மைல் கணக்கு தொடங்கியது. ஓட்டல்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1983-இல் ஹாலிடே இன், மேரியட் இரண்டும் தங்கள் திட்டங்களோடு வந்துவிட்டன. விமான சீட்டுக்கும் ஓட்டல் ரூமுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இன்று விற்காமல் போனதை நாளை சேர்த்து விற்க முடியாது. காலியாகக் கிடந்த ரூமில் ஒருவரைத் தங்க வைத்தால் கூடுதலாக ஆகும் செலவு, துணி வெளுப்பது, துப்புரவு, கரண்ட், சோப்பு ஆகியவை மட்டும்தான். நமக்கு 7,000 ரூபாய் மதிப்புள்ள இலவச இரவு, காலி ரூம் உள்ள நாளில் அவர்களுக்கு அதில் ஒரு சிறு பங்குதான். திட்டத்தின் அடித்தளமே இந்த இடைவெளிதான்.

பெரிய பெயர் போட்ட ஓட்டல் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்தப் பெயருக்குரிய நிறுவனத்தின் சொத்து இல்லை. கட்டடம் வேறொருவருடையது, பெயரும் சில இடங்களில் நிர்வாகமும் மட்டும் நிறுவனத்துடையது. நீங்கள் தங்கிப் புள்ளி சேர்த்தால், கட்டட உரிமையாளர் உங்கள் பில்லில் ஒரு சதவீதத்தை நிறுவனத்தின் பொது நிதிக்குக் கட்டுகிறார். பிறகு நீங்கள் வேறோர் ஊரில் புள்ளியைக் கொடுத்துத் தங்கும்போது, அந்த ஓட்டலுக்கு இந்த நிதியிலிருந்து பணம் போகிறது. ஓட்டல் காலியாக இருந்த நாள் என்றால் குறைவாக, கிட்டத்தட்ட நிரம்பிய நாள் என்றால் கூடுதலாக. இடைப்பட்ட காலத்தில் உங்கள் புள்ளி நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் கடனாக நிற்கிறது. மேரியட்டின் புத்தகத்தில் இப்படி நிற்கும் தொகை பல நூறு கோடி டாலர். இவ்வளவு புள்ளிகள் கடைசிவரை யாராலும் பயன்படுத்தப்படாமலே போகும் என்று அவர்கள் முன்கூட்டியே மதிப்பிட்டும் வைக்கிறார்கள். மறந்துபோகும் உறுப்பினர்களுக்கும் இந்தத் திட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது.

இடைத்தரகர் விவகாரமும் உண்டு. முன்பதிவு ஆப் வழியாக வரும் வாடிக்கையாளருக்கு ஓட்டல் பொதுவாக 15 சதவீதமோ அதற்கு மேலோ கமிஷன் கொடுக்கிறது. நீங்கள் நேரடியாகப் பதிவு செய்தால் அந்தக் காசு மிச்சம், அதில் ஒரு துண்டுதான் உங்களுக்குப் புள்ளியாக வருகிறது. ஆப்பில் பதிவு செய்தவருக்குப் பெரும்பாலான ஓட்டல் சங்கிலிகள் (ஒரே பெயரில் பல ஊர்களில் ஓடும் ஓட்டல்கள்) புள்ளி தராதது இதனால்தான். ஆப்பில் 800 ரூபாய் குறைவாகக் கிடைக்கும் ரூமை விட்டுவிட்டுப் புள்ளிக்காக நேரடியாகப் பதிவு செய்தால், அந்த 800 ரூபாய் புள்ளியின் விலை. அது உங்கள் கையை விட்டுத்தான் போகிறது.

சரி, ஒரு புள்ளி எவ்வளவு பெறும்? மேரியட்டின் பெரும்பாலான பிராண்டுகளில் அடிப்படை உறுப்பினருக்கு ஒரு டாலர் செலவுக்கு 10 புள்ளி. கணக்குக்காக டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரி நீங்கலாக 6,300 ரூபாய் ரூம் என்றால் 70 டாலர், அதாவது 700 புள்ளி. வரியோடு 7,000 ரூபாய் ஆகும் ஒரு ரூமுக்கு 12,000 புள்ளி கேட்கிறார்கள் என்றால், ஒரு புள்ளி சுமார் 58 பைசா. அந்த ஓர் இலவச இரவுக்கு 18 இரவுகள் தங்க வேண்டும், அதாவது 1,13,400 ரூபாய் செலவழிக்க வேண்டும். திரும்பி வருவது ஏறக்குறைய 6 சதவீதம். மோசமில்லைதான். ஆனால் பக்கத்துத் தெருவில் அதே தரத்தில் 10 சதவீதம் குறைவாக ரூம் கிடைத்தால், அங்கே போவதே லாபம். உங்கள் ஊர், உங்கள் தேதி போட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ரூபாய் விலையைப் புள்ளி விலையால் வகுத்தால் போதும்.

விடை நாளுக்கு நாள் மாறும். புள்ளி என்பது நிறுவனம் தானே அச்சடித்துத் தானே மதிப்பு வைக்கும் பணம். முன்பு எந்த ஓட்டலுக்கு எத்தனை புள்ளி என்று மேரியட் ஓர் அட்டவணை வைத்திருந்தது. 2022 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது முகூர்த்த நாளில் ரூம் வாடகை ஏறினால் புள்ளியும் சேர்ந்து ஏறலாம். அந்த வகையில், டாட்டாவின் தாஜ் ஓட்டல்களில் புள்ளியாகச் சேரும் நியூகாயின் நேர்மையானது என்பேன்: ஒரு காயின் ஒரு ரூபாய். தாஜில் தங்கிச் சேர்த்ததைக் கணக்குப் போடக் கால்குலேட்டர் வேண்டாம்.

மனது இதில் எப்படி மாட்டுகிறது என்பதற்கு அழகான ஓர் ஆய்வு இருக்கிறது. ஜோசப் நூனெஸ், சேவியர் ட்ரேஸ் இருவரும் 2006-இல் வெளியிட்டது. கார் கழுவும் நிலையம் ஒன்றில் பாதிப் பேருக்கு 8 கட்டம் போட்ட அட்டை கொடுத்தார்கள், நிரப்பினால் ஒரு முறை இலவசம். மீதிப் பேருக்கு 10 கட்டம், அதில் 2 முன்பே முத்திரை குத்தியது. இரு தரப்பும் வர வேண்டியது அதே 8 முறைதான். முதல் அட்டையை நிரப்பியவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை 34 சதவீதம். ஏற்கெனவே கொஞ்சம் தூரம் வந்துவிட்டோம் என்ற நினைப்பு மட்டுமே செய்த வேலை இது. இலக்கு நெருங்க நெருங்க வேகம் கூடுவதை உளவியலாளர் கிளார்க் ஹல் 1930-களிலேயே எலிகளிடம் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

டிசம்பரில் இது நன்றாகத் தெரியும். மேரியட்டில் ஆண்டுக்கு 25 இரவு தங்கினால் கோல்டு என்ற மேல்நிலை உறுப்பினர் ஆகலாம். மேரியட்டின் ஆப்பில் "இன்னும் 2 இரவுதான்" என்று காட்டுகிறது. பெங்களூரில் வேலை மாலையே முடிந்துவிட்டது, ஓசூரில் வீடு, இடையே 40 கிலோமீட்டர். மனுஷன் வீட்டுக்கு வராமல் அங்கேயே ரூம் போடுகிறார். கோல்டு வந்தால் என்ன கிடைக்கும்? 25 சதவீதம் கூடுதல் புள்ளி. காலி இருந்தால் கொஞ்சம் நல்ல ரூம், காலி இருந்தால் 2 மணி வரை செக்-அவுட். காலை டிபன் இதில் சேராது. பல பிராண்டுகளில் அது 50 இரவு தங்கிய பிளாட்டினத்துக்குத்தான். குழந்தைகளோடு சாப்பிட வேண்டிய இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இல்லை இது.

இத்தனைக்கும் பிறகு திட்டம் ஓடுகிறதே, எப்படி? பில் கம்பெனியுடையது, புள்ளி ஊழியருடையது. பணம் கொடுப்பவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர் என்றால் விலை பார்க்கும் கண் மங்கிவிடும் என்பது பொருளாதாரத்தில் பழைய பாடம். கம்பெனிப் பணத்தில், ஒரே சங்கிலியில், வருடத்துக்கு ஐம்பது அறுபது இரவு தங்க வேண்டிய பொறியாளருக்கு இது நிஜமான வருமானம். டிபன், பெரிய ரூம், குடும்பத்தோடு ஒரு விடுமுறை எல்லாம் வரும். கம்பெனி ஒப்பந்த வாடகைக்குப் புள்ளி உண்டா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சொந்தக் கைக்காசு போடும் வியாபாரிக்கும், சிறு ஊர் லாட்ஜில் தங்குகிறவருக்கும் நிலைமை வேறு. அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று சுற்றும் மருந்துக் கம்பெனி பிரதிநிதி தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில்தான் தங்குவார். மாங்காய் சீசனில் கூழ் ஆலைகளுக்கு வரும் தரப் பரிசோதகர்கள் வாரக்கணக்கில் ரூம் எடுப்பார்கள். அங்கே கார்டும் இல்லை, ஆப்பும் இல்லை. "வழக்கமா வர்றவர்" என்று மேனேஜர் வாடகையில் 200 குறைக்கிறார், ஹைவே லாரிச் சத்தம் கேட்காத பின்பக்க ரூமை ஒதுக்குகிறார், காலை ஐந்து மணிக்கே வெந்நீருக்கு ஏற்பாடு செய்கிறார். தள்ளுபடி அன்றைக்கே கையில் வந்துவிடுகிறது, காலாவதி கிடையாது. இதுவும் வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் லாயல்டி திட்டம்தான், பயணிக்குச் சாதகமாக எழுதப்பட்டது. மூன்று நாலு முறை ஒரே இடத்தில் தங்கியவர் இதைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கலாம்.

பெரிய சங்கிலிகளில் ஏற்கெனவே புள்ளி வைத்திருப்பவர்கள் அதைப் பல வருடம் சேமித்து வைக்க வேண்டாம். மதிப்பு குறையும் அபாயம் ஒருபுறம். மேரியட்டில் 24 மாதம் கணக்கில் எந்தச் சேர்ப்பும் செலவும் இல்லாவிட்டால் மொத்தப் புள்ளியும் போய்விடும் என்பது இன்னொருபுறம். வேலை மாறி ஊர் சுற்றுவது நின்றுபோனவர்கள் இன்றே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்து, அடுத்த விடுமுறைக்கே அதைச் செலவழித்துவிடுங்கள்.